கடலோரத்தில் நாலு நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாதம் ஏற்காட்டுக் கூட்டத்தைப் பற்றி இங்கே எழுதும்போது, "லீவு விட்டால் எல்லோரும் மலைக்கே ஏறுகிறோம், ஒரு தடவை கிழக்கே இறங்கிக் கடலைப் பாருங்களேன்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். எனக்கு ஆச்சரியமில்லை. நான் சேலம் குகையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். அக்காவைப் பொறையாரில் கட்டிக்கொடுத்த பிறகுதான் எங்கள் வீட்டில் கடல் என்ற பேச்சே வந்தது. அக்கா போன புதிதில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரைக்கும் மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. 1986-ல் அதை நிறுத்திவிட்டார்கள். ரயில் போனாலும் எங்கள் போக்குவரத்து நிற்கவில்லை. அதனால் இந்த மாதம் முழுக்கக் கடல்தான்.

"அக்கா, என் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள், மாமியார், நாங்கள் இருவர். பாண்டிச்சேரியில் ரூம் விசாரித்தால் சனி, ஞாயிறு வாடகை நமக்குக் கட்டுப்படியாகவில்லை. கையைக் கடிக்காமல் மூன்று, நாலு நாள் தங்க ஒரு கடற்கரை ஊர் சொல்லுங்கள்." – வாசகி, அம்மாபேட்டை

தரங்கம்பாடி போங்க தங்கச்சி. யோசிக்காமல் சொல்வேன்.

காரணம் இதுதான். சுற்றுலாவுக்கென்றே இருக்கிற ஊரில் டீயிலிருந்து ஆட்டோ வரைக்கும் வெளியூர்க்காரர் விலை. தரங்கம்பாடியிலும் பக்கத்துப் பொறையாரிலும் கடைகள் உள்ளூர்க்காரர்களை நம்பி நடக்கின்றன. காலையில் இட்லி வாங்க நிற்கிறவர் வலை இழுத்துவிட்டு வந்தவராக இருப்பார், அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடத்து வாத்தியார் நிற்பார். அவர்கள் கொடுக்கிற காசைத்தான் நீங்களும் கொடுப்பீர்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதில்தான் பெரிய மிச்சம்.

கடலைப் பார்க்க டிக்கெட் கிடையாது. ஊர் வாசலில் 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய வெள்ளை வாயில் நிற்கும். அதற்குள் நுழைந்து நேராக நடந்தால், இரண்டு பக்கமும் பழைய வீடுகள், மாதா கோயில்கள், தெரு முடிகிற இடத்தில் கடல். பிள்ளைகளை அந்தத் தெருவில் நடத்தியே கூட்டிப் போங்கள், ஆட்டோ வேண்டாம். வாயிலுக்குள் நுழைந்ததுமே காற்றில் உப்பு வாடை தெரியும். கொஞ்ச தூரம் போனதும் அலைச் சத்தம் கேட்கும். அதற்கப்புறம்தான் கடல் கண்ணுக்குத் தெரியும். முதல் தடவை கடல் பார்க்கிற பிள்ளைக்கு அது ஒவ்வொன்றாக வரவேண்டும் என்பது என் ஆசை.

கரையிலேயே டேனிஷ் கோட்டை. தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி 1620-ல் கட்ட ஆரம்பித்தது. 1845-ல் ஊரோடு சேர்த்து ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். உள்ளே தொல்லியல் துறை அருங்காட்சியகம் நடத்துகிறது. பையன் ஆறாவது, ஏழாவது படிக்கிறான் என்றால் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியாரைப் பற்றிச் சொல்லுங்கள். 1706-ல் இந்தக் கரையில் வந்து இறங்கி, தமிழ் படித்து, இங்கேயே அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புத்தகம் அச்சடித்தவர். தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது இந்த ஊரில்தான். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், 1718-ஆம் வருடத்தது, இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. கோட்டைக்குக் கொஞ்சம் வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மாமியார் அங்கே கும்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கலாம், பிள்ளைகள் கண்ணெதிரே மணலில் விளையாடலாம்.

தங்குவது எங்கே? தரங்கம்பாடிக் கரையை ஒட்டி இருக்கிற பழைய பங்களா விடுதிகள் வாடகை கூடுதல். நமக்குத் தோதானவை திருக்கடையூரிலும் காரைக்காலிலும் இருக்கின்றன. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களை நம்பி நிறைய லாட்ஜ்கள் உண்டு. முகூர்த்த நாள் இல்லாத வாரநாளில் போனால் பேசிக் குறைக்க முடியும். ரூம் பேசும்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: வாடகை இருபத்துநாலு மணி நேரக் கணக்கா, பகல் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டா? ராத்திரி பஸ் ஏறி விடிகாலை நாலு மணிக்குப் போய் இறங்குகிறவர்கள் இதைக் கேட்காததால் ஒரு நாள் வாடகையைச் சும்மா கொடுக்கிறார்கள். ஐந்து பேருக்கு இரண்டு ரூம் எடுப்பதா, ஒரே பெரிய ரூமில் கூடுதல் மெத்தை போடுவதா என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பகலிலேயே கிளம்பினால் இந்தத் தொல்லை இல்லை. சேலத்திலிருந்து நாமக்கல், கரூர், திருச்சி வழியாக மயிலாடுதுறைக்கு நேர் ரயில் 2023-லிருந்து ஓடுகிறது. பஸ்ஸை விட ரொம்ப மலிவு. மாமியார் கால் நீட்டி உட்காரலாம், பிள்ளைகளுக்கு வழியெல்லாம் காவிரியும் வயலும் வேடிக்கை. மயிலாடுதுறையிலிருந்து பொறையார், தரங்கம்பாடிக்கு டவுன் பஸ் கிடைக்கும். நம் அரசு சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது மயிலாடுதுறை மாவட்டத்துக்கும் பொருந்தும். ரயிலில் சாப்பிட தட்டுவடை, பொரி, எலுமிச்சை சாதம் கட்டிக்கொள்ளுங்கள். கடற்கரையிலும் பிள்ளைகளுக்குப் பசித்துக்கொண்டே இருக்கும். கையில் ஒரு தூக்கு நிறைய பொரி இருந்தால் அங்கே விற்பதையெல்லாம் வாங்கச் சொல்லி அழமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. போய் இறங்கியதும் யாராவது வந்து, "ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயிலும் காட்டிவிடுகிறேன், வேன் எடுங்கள்" என்பார்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள். பிள்ளைகள் வேனில் வாந்தி எடுப்பார்கள், மாமியாருக்குக் கால் வீங்கும், உங்கள் காசில் பெரும்பகுதி டீசலுக்குப் போகும். அத்தைக்கு எந்தக் கோயில் முக்கியமோ அதை மட்டும் ஒரு நாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். திருநள்ளாறு என்றால் சனிக்கிழமை வேண்டாம். மற்ற நாளெல்லாம் காலையில் கடல், மதியம் தூக்கம், சாயங்காலம் மறுபடி கடல். இப்படி ஒரே இடத்தில் இருந்தால்தான் வீட்டுக்காரருக்கும் ஓய்வு. வருடம் பூரா தறிச் சத்தத்தில் நிற்கிற மனுஷருக்கு அது வேண்டும்.

"மகனுக்குப் பதினான்கு வயது. மேட்டூர் கால்வாயில் நீந்தப் பழகியவன். கடலிலும் நீந்துவேன் என்கிறான். விடலாமா?" – வாசகர், ஓமலூர்

விடாதீர்கள் ஐயா. நீச்சல் தெரிந்த பிள்ளைகளும் கடலில் மாட்டுகிறார்கள், தெரியும் என்ற தைரியத்தில் உள்ளே போய்விடுவார்கள்.

கால்வாயில் தண்ணீர் ஒரே பக்கம் ஓடும். கரை இரண்டு பக்கமும் எட்டும் தூரத்தில் இருக்கும். கடலில் அப்படியில்லை. அலையாக வந்து கரையில் ஏறின தண்ணீர் அத்தனையும் திரும்பிப் போகவேண்டும். அது பரவலாகத் திரும்பாமல், மணல் பள்ளமாக இருக்கிற இடம் பார்த்து ஒரு வாய்க்காலாகச் சேர்ந்து உள்ளே இழுத்துப் போகும். மேலே நின்று பார்த்தால் அந்த இடத்தில்தான் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும். "இங்கே அலையே இல்லை, இங்கே குளிக்கலாம்" என்று பிள்ளைகள் தேர்ந்தெடுப்பதும் அதே இடம்தான். இரண்டு பக்கமும் நுரை தள்ளி, நடுவில் மட்டும் கலங்கலாகச் சும்மா கிடக்கிற தண்ணீரைக் கண்டால் பையனிடம் கை நீட்டிக் காட்டிச் சொல்லிவையுங்கள்.

இழுப்பில் யாராவது மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நேராக நீந்தக்கூடாது. எவ்வளவு பெரிய நீச்சல்காரனும் களைத்துப்போவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த வாய்க்காலை விட்டு வெளியே வந்து, அப்புறம்தான் அலையோடு கரைக்குத் திரும்பவேண்டும். நீந்தத் தெம்பில்லாவிட்டால் மல்லாந்து மிதந்துகொண்டே கையைத் தூக்கிக் கூப்பிடவேண்டும். இன்னொருவர் காப்பாற்றுகிறேன் என்று குதிப்பதால்தான் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் போகிறார்கள். கயிறு, காலி குடம், டியூப், எது மிதக்கிறதோ அதை வீசுங்கள், மீனவர்களைக் கூப்பிடுங்கள்.

அந்தக் கரையில் ஆபத்தான இடங்கள் உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும். ஆறு கடலில் சேருகிற முகத்துவாரம் ஒன்று. காரைக்காலில் அரசலாறும் பூம்புகாரில் காவிரியும் சேருகிற இடங்களில் மணல் இன்றைக்கு ஓரிடம், நாளைக்கு ஓரிடம் என்று மாறும். இன்னொன்று தூண்டில் வளைவு, அதாவது கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டி உள்ளே நீட்டியிருக்கிற சுவர். அதன் ஓரத்தில் இழுப்பு உண்டு, கல்லில் பாசி வழுக்கும். படம் எடுக்கக்கூட அதன் மேல் ஏறவிடாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளை நுரை வந்து தொடுகிற ஈர மணலில் உட்காரவையுங்கள். கையைப் பிடிக்கும்போது விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டுக்கு மேலே பிடியுங்கள், ஈரத்தில் விரல் நழுவிவிடும். பெரியவர்களில் ஒருவர் முறை வைத்துக்கொண்டு, போனைப் பையில் போட்டுவிட்டு, பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். இதை என் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் கண்டிப்பாக வைத்திருக்கிறேன், யார் முகம் சுளித்தாலும் மாற்றமாட்டேன்.

"எங்கள் ஆயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தே வாழ்க்கை ஓடிவிட்டது. மலையை விட்டு சேலம் வரைக்கும்தான் வந்திருக்கிறார். 'கடலை ஒரு தடவை பாக்கணும் கண்ணு' என்கிறார். முட்டி வலி உண்டு. எப்படிக் கூட்டிப் போவது?" – வாசகி, நாகலூர்

உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன் கண்ணு. கட்டாயம் கூட்டிப் போ. தள்ளிப்போடாதே.

மாசி மாதம் வைத்துக்கொள். காப்பிப் பழம் பறிப்பு முடிந்திருக்கும், மழையும் போயிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. மலைக்காற்றில் இருந்தவருக்குச் சித்திரை, வைகாசியில் கடலோரப் புழுக்கம் தாங்காது. வெயில் அளவு நம் சேலத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் வியர்வை காயாது. ராத்திரியிலும் உடம்பு பிசுபிசுவென்று இருக்கும்.

ஒரே மூச்சில் போகவேண்டாம். முதல் நாள் மலையிறங்கி சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் படுக்கட்டும். கொண்டை ஊசி வளைவில் தலைசுற்றியவரை உடனே ஆறேழு மணி நேரப் பயணத்துக்கு ஏற்றக்கூடாது. மறுநாள் பகல் பயணம். அவருக்குக் காரைக்காலில் தங்குவதுதான் வசதி. ஊரிலிருந்து அரசலாற்றங்கரையோடு போகிற சாலை நேரே கடற்கரையில் கொண்டுபோய் விடும், ஆட்டோவில் மணல் ஓரம் வரைக்கும் போய் இறங்கலாம். காய்ந்த மணலில் கால் புதையும், முட்டி வலிக்காரருக்கு அதுதான் கஷ்டம். செருப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்து அந்தக் கொஞ்ச தூரத்தைக் கடந்துவிட்டால், ஈர மணல் தரை மாதிரி கெட்டியாக இருக்கும். கையோடு ஒரு மடக்கு நாற்காலி கொண்டுபோ. தரையில் உட்கார்ந்தால் எழுப்புவது சிரமம். நாற்காலியை அலை தொடாத இடத்தில் போடு, ஏனென்றால் அலை வந்து மணலை அரித்தால் கால் ஒரு பக்கம் இறங்கி நாற்காலி சாயும்.

விடிவதற்கு முன்னால் கூட்டிப் போ. மலைக்காரர்கள் எப்படியும் இருட்டோடு எழுந்துவிடுவார்கள். நம் பக்கம் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து வருவதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அங்கே தண்ணீருக்குள்ளிருந்து வரும். பக்கத்தில் உட்கார்ந்து நீ எதுவும் விளக்காதே. போட்டோ எடுக்க "இங்கே பார் ஆயா, சிரி ஆயா" என்று தொந்தரவு செய்யாதே. அவர் போதும் என்கிற வரைக்கும் உட்காரட்டும்.

இன்னொரு விஷயம். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் காரைக்கால் பக்கத்துத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு வருவார். அங்கே மீனவர்கள் அவரைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளையாக நினைத்து, "மாப்பிள்ளை" என்றே கூப்பிட்டு வரவேற்பார்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் மலையுச்சி ஏறினவருக்கு, சாமி கடலில் இறங்குவதைப் பார்க்க ஆசை வரும். ஆனால் அன்றைக்குக் கூட்டம் நெரியும். முட்டி எப்படி இருக்கிறது என்று பார்த்து நீதான் முடிவு செய்யவேண்டும். என்னைக் கேட்டால், மகத்துக்கு முன்னாலேயே போய், அமைதியாக நாலு நாள் கடலைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

முட்டிக்குத் தைலம், வழக்கமான மாத்திரை, ஒரு கம்பளி, குடிக்கக் கொதிக்கவைத்த தண்ணீர். ஊர் மாறினால் வயிறு முதலில் காட்டிவிடும்.

"அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில். இருபது பேர் போகிறோம். பக்கத்தில் கடல் இருக்கிறதாமே, பார்க்க நேரம் கிடைக்குமா?" – வாசகர், எடப்பாடி

தாராளமாக. திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி சுமார் எட்டு கிலோமீட்டர்தான். நம் பக்கத்துக்காரர்கள் எத்தனையோ பேர் மாலை மாற்றி, சாப்பிட்டு, வேன் ஏறி அப்படியே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஆறுவதே இல்லை. காலையில் சடங்கு முடிந்துவிடும். மதியம் தூங்கிவிட்டு நாலு மணிக்குக் கிளம்புங்கள்.

உங்களுக்கு நான் தரங்கம்பாடியைவிடப் பூம்புகாரைச் சொல்வேன். எடப்பாடிக்காரர் நீங்கள், பூலாம்பட்டியில் காவிரியைக் கரை கொள்ளாமல் பார்த்தவர்கள். பூம்புகாரில் அதே காவிரி கடலில் சேருகிறது. வழியெல்லாம் கொள்ளிடமாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்து வயலுக்குக் கொடுத்தது போக, ஒரு ஓடை அளவுதான் அங்கே வந்து சேரும். அப்பாவை அந்த இடத்தில் நிறுத்திக் காட்டுங்கள். விவசாயக் குடும்பத்துப் பெரியவர் என்றால், தண்ணீர் எங்கெல்லாம் போயிருக்கும் என்று அவரே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார். சிலப்பதிகாரக் கலைக்கூடமும் அங்கேதான், 1973-ல் திறந்தது. கண்ணகி கதை சுவர் முழுக்கச் சிற்பமாக இருக்கும்.

"இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். பிள்ளைகள் பெங்களூரில். சேலத்து வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, காரைக்கால் அல்லது தரங்கம்பாடிப் பக்கம் வாடகை குறைவாக ஒரு வீடு பார்த்துக் கடலோரமாகவே இருந்துவிடலாம் என்று ஆசை. சரியாக வருமா?" – வாசகர், சூரமங்கலம்

வரும் சார், ஆனால் முதலில் ஒரு ஐப்பசி, கார்த்திகையை அங்கே இருந்து பாருங்கள். மாசியில் போய்ப் பார்த்துவிட்டு யாரும் முடிவு செய்யக்கூடாது. மாசியில் எந்தக் கடற்கரை ஊரும் அழகுதான்.

வடகிழக்குப் பருவமழை நம் சேலத்தில் இரண்டு நாள் தூறிவிட்டு நிற்கும். அங்கே வாரக்கணக்கில் அடிக்கும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் ஊரே அதைப் பற்றித்தான் பேசும். மெழுகுவத்தி, அரிசி, காஸ், தண்ணீர் எல்லாம் முன்கூட்டியே எடுத்து வைப்பார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது அந்த வட்டாரத்தில் எத்தனையோ கிராமங்கள் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன. 2004 டிசம்பர் 26-ஐப் பற்றி அந்த மக்களிடம் நீங்களாகக் கேட்காதீர்கள். பழகிய பிறகு அவர்களே சொல்வார்கள். நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் பறிகொடுத்தது, தரங்கம்பாடி அன்றைக்கு அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. வீடு பார்க்கும்போது மேடான தெருவாகப் பாருங்கள், மாடி இருக்கட்டும், கடல் தெரிகிற வீடு வேண்டாம். கடலுக்குப் பத்து நிமிட நடை என்பதுதான் நல்ல தூரம்.

உப்புக்காற்று என்றால் என்ன என்று நம் ஊரில் இருந்து புரியாது. அக்கா வீட்டு ஜன்னல் கம்பியை நான் கையால் தடவிப் பார்ப்பேன், பெயிண்ட்டுக்கு அடியில் துரு கொப்புளமாக எழும்பியிருக்கும், நகத்தால் கீறினால் செதில் செதிலாக உதிரும். கொடிக்கம்பி, கதவுக் கீல், பூட்டு, காஸ் அடுப்பின் பர்னர், மின்விசிறித் தண்டு எல்லாவற்றையும் அது தின்னும். துணி காயப்போட நைலான் கயிறுதான். பூட்டுக்கு மாதம் ஒரு தடவை எண்ணெய் விடவேண்டும். டிவி, வாஷிங் மெஷின் போர்டு சீக்கிரம் போகும். மிளகாய்த்தூள், உப்பு, அப்பளம் எல்லாம் நமத்துப்போகும். வாடகை குறைவு என்று கணக்குப் போடும்போது இந்தப் பராமரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் அடுத்தது. வீடு பேசும்போது போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். பல இடங்களில் உவர்ப்பு. குடிநீர் எந்தக் குழாயில், எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்.

மருத்துவம்: காரைக்காலில் அரசு பொது மருத்துவமனையும் ஜிப்மர் கிளையும் இருக்கின்றன. நாகப்பட்டினத்தில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி. பெரிய சிகிச்சைக்குத் தஞ்சாவூர் போகவேண்டிவரும். உங்கள் இருவரில் யாருக்காவது இருதயம், சிறுநீரகம் சம்பந்தமான தொடர் சிகிச்சை இருந்தால், உங்கள் டாக்டரைக் கேட்காமல் சேலத்தை விட்டுக் கிளம்பவேண்டாம். இன்னொன்று, காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. ரேஷன் அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இவையெல்லாம் தமிழ்நாட்டுக் கணக்கு. தரங்கம்பாடி, பொறையார் என்றால் மாவட்டம் மட்டும்தான் மாறும்.

"கடலோரம் மனை மலிவு, வாங்கிப் போடுங்கள்" என்று யாராவது வந்தால், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டுகிற எல்லையிலிருந்து) 500 மீட்டர் வரைக்கும் பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள். எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்பதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. வரைபடம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இத்தனையும் சொன்னதால் வேண்டாம் என்கிறேன் என்று நினைக்கவேண்டாம். என் அக்கா மழைக்காலம் முழுக்கச் சேலத்தைப் பற்றியே பேசுவாள், தை பிறந்ததும் அவளை அங்கிருந்து கிளப்ப முடியாது. சாயங்காலம் கோட்டைக்கு முன்னால் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள், நடைக்கு வருகிறவர்கள் நின்று நலம் விசாரிப்பார்கள். பிள்ளைகள் தூரத்தில் இருக்கிற இருவருக்கு அந்தப் பழக்கம் பெரிய துணை. சேலத்து வீட்டை மொத்தமாக வாடகைக்கு விடாமல் ஒரு அறையையாவது உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே, தையிலிருந்து அங்கே என்று இருக்க முடிந்தால் அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

"பள்ளி லீவு மே மாதம்தான். அப்போது போனால் மீன் கிடைக்காது என்கிறார்களே?" – வாசகி, ஆத்தூர்

கிடைக்கும், குறைவாக. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருகுகிற காலம் அது. ஃபைபர் படகுக்காரர்கள் போவார்கள். பக்கத்திலேயே வலை போட்டு மத்தி, கவலை, கிழங்கான், சில நாள் சங்கரா கொண்டுவருவார்கள். அளவு சின்னது, ஆனால் விடிகாலையில் பிடித்தது. வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஐஸ் மீனுக்குக் கூடுதல் விலை கொடுப்பீர்கள். காலையில் கரைக்குப் போய்ப் படகு வந்ததும் வாங்கி, தங்குகிற இடத்துப் பக்கத்தில் மெஸ் நடத்துகிற அம்மாவிடம் கொடுத்தால் பேசின கூலிக்குக் குழம்பு வைத்துத் தருவார். கடற்கரைத் தள்ளுவண்டியில் வறுவல் வாங்கினால், மீனைப் பார்த்து, விலையைக் கேட்டு, அப்புறம் எண்ணெயில் போடச் சொல்லுங்கள்.

மே மாத வெயிலில் காலை எட்டுக்குள் கடலை விட்டு ஏறிவிடவேண்டும், மறுபடி ஐந்து மணிக்கு. உங்களால் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ ஒரு சனி, ஞாயிறு ஒதுக்க முடியுமானால், ஆனி பௌர்ணமியையொட்டிக் காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழாவுக்குப் போங்கள். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள், கீழே நிற்கிற எல்லோரும் பிடிக்கலாம். மாம்பழ ஊர்க்காரர்கள் நாம் அவசியம் பார்க்கவேண்டிய திருவிழா. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அந்த நாட்களில் நாகப்பட்டினம் சுற்றுவட்டாரத்தில் ரூம் கிடைப்பது கஷ்டம், ரயிலிலும் நிற்க இடம் இருக்காது. அப்போது போவதாக இருந்தால் மாதாவைப் பார்க்க என்றே போங்கள்.